நிற்கக் கூடாத இடத்தில் இறங்க வேண்டியவர்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் சுருக்கித் திருத்திய அச்சு வடிவம்)



போக்குவரத்தில் மாற்றுத்திறனாளிகளின் உரிமை என்று பேச்செடுத்தாலே கவனம் வண்டியின் மேல்தான் போகிறது. பேருந்தின் தளம் தாழ்வாக இருக்கிறதா, ரயில் பெட்டியில் சக்கர நாற்காலிக்கு இடம் உண்டா, நிலையத்தில் லிஃப்ட் ஓடுகிறதா என்று கேட்பார்கள். வண்டியின் கதவுக்கும் நடைபாதைக்கும் நடுவே கிடக்கும் ஒரு முழ இடத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பயணம் தொடங்குவதும் முடிவதும் அங்கேதான். கால் நன்றாக இருப்பவர் அந்த ஒரு முழத்தைக் கவனிக்காமலே தாண்டிவிடுகிறார். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அன்றைய பயணம் உண்டா இல்லையா என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

அந்த இடத்தை ஆள்வது சாலையோரம் வரைந்திருக்கும் கோடு. இங்கே வண்டி நிற்கலாம், நிற்கக் கூடாது, ஏற்றி இறக்க மட்டும் நிற்கலாம் என்று கட்டளையிடும் கோடு. அந்தக் கோட்டின் பின்னால் உள்ள விதிகளைப் பற்றியது இவ்வுரை. இதன் மையக் கருத்து ஒன்றே: நிறுத்தத் தடை என்பது மாற்றுத்திறனாளிக்குத் தன்னளவில் பகையும் அல்ல, நட்பும் அல்ல. தடையிலிருந்து தரப்படும் விலக்கு வண்டியோடு ஒட்டியிருக்கிறதா, ஆளோடு ஒட்டியிருக்கிறதா என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

சான்றுகள் பெரும்பாலும் லண்டனிலிருந்து வருகின்றன. சாலையோர விதிகளை இவ்வளவு நுணுக்கமாக எழுதி, அவற்றுக்காக நீதிமன்றம் வரை போய் வாதாடிய நகரங்கள் அதிகமில்லை. தேவையான இடத்தில் நியூயார்க்கும், முடிவில் சென்னையும் வரும்.

1. நிற்பது வேறு, நிறுத்திவிட்டுப் போவது வேறு

1968-இல் வியன்னாவில் உருவான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை நிற்பதற்கும் நிறுத்திவிட்டுப் போவதற்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாக வகுத்தது. ஆளை ஏற்றவோ இறக்கவோ, சரக்கை ஏற்றவோ இறக்கவோ தேவைப்படும் நேரம் மட்டும் அசையாமல் இருக்கும் வண்டியை அது ஒரு வகையாகவும், அதற்கு மேல் கிடக்கும் வண்டியை இன்னொரு வகையாகவும் பிரித்தது. நம் ஊர்ப் பலகைகளிலும் இதைப் பார்க்கலாம். நீல வட்டத்தில் ஒற்றைச் சிவப்புக் கோடு இருந்தால் அங்கே வண்டியை விட்டுப் போகக் கூடாது. இரண்டு கோடுகள் குறுக்கே வெட்டிக்கொண்டால் நிற்கவே கூடாது.

பிரிட்டனில் மஞ்சள் கோடு முதல் பலகையைப் போன்றது. இரட்டை மஞ்சள் கோட்டில்கூட ஆளை ஏற்றி இறக்க யாரும் நிற்கலாம். சிவப்புக் கோடு இரண்டாம் பலகையைப் போன்றது. 1991 ஜனவரியில் வடக்கு, கிழக்கு லண்டன் பகுதிகளில் சோதனையாகத் தொடங்கிய சிவப்புத் தடங்களில் சாதாரண வாகனம் எந்தக் காரணத்துக்காகவும் நிற்க முடியாது. இன்று அந்தத் தடங்கள் லண்டன் சாலைகளில் ஏறத்தாழ 5 சதவீதம்தான். ஆனால் நகரப் போக்குவரத்தில் 30 சதவீதம் வரை சுமப்பவை அவையே. மருத்துவமனை, ரயில் நிலையம், கடைத்தெரு எல்லாம் பெரும்பாலும் இத்தகைய பெருஞ்சாலைகளை ஒட்டியே அமைகின்றன. ஆக, நிற்கத் தடை உள்ள சாலையும் இறங்கியே தீர வேண்டிய சாலையும் பல சமயம் ஒன்றாகிவிடுகின்றன.

நியூயார்க் இதையே மூன்று படிகளாக வைத்திருக்கிறது. முதல் படியில் வண்டியை விட்டுப் போகக் கூடாது. ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கலாம். இரண்டாம் படியில் ஆளை மட்டும் சட்டென ஏற்றி இறக்கலாம். மூன்றாம் படியில் எதுவும் கூடாது.

கேள்வி அந்தச் ‘சட்டென’ என்பதில் இருக்கிறது. விதியை எழுதியவர் மனத்தில் இருந்த பயணி கதவைத் திறந்து, பையை எடுத்துக்கொண்டு, நொடிகளில் இறங்கிவிடுபவர். சக்கர நாற்காலியோடு வருபவரால் அப்படி இறங்க முடியாது. ஓட்டுநர் இறங்கி வர வேண்டும்; நாற்காலியைத் தளத்தோடு பிணைத்திருக்கும் நான்கு பட்டைகளை அவிழ்க்க வேண்டும்; சாய்தளத்தை விரிக்க வேண்டும்; நாற்காலி இறங்கிய பிறகு எல்லாவற்றையும் திரும்ப மடிக்க வேண்டும். பார்வையற்றவருக்கு வாசல் எந்தப் பக்கம் என்று காட்ட வேண்டும். மறதி நோய் உள்ள முதியவரைத் தெருவில் இறக்கிவிட்டு நகர்ந்துவிட முடியாது. உள்ளே ஒருவர் கையில் ஒப்படைத்தாக வேண்டும். இவை எல்லாமே ஏற்றி இறக்கும் வேலைதான். ஆனாலும் வெளியிலிருந்து பார்க்கும் காவலருக்கு, நிறுத்திவிட்டுப் போன வண்டியாகவே அது தெரியும்.

அமெரிக்கச் சட்டத்தில் இந்த முரண் நேரடியாகவே மோதுகிறது. 1990-இல் நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி, பேருந்துத் தடத்திலிருந்து முக்கால் மைல் தொலைவுக்குள், பேருந்தில் ஏற இயலாதவர்களுக்குத் தனி வேன் சேவை தர வேண்டும். உடற்குறை காரணமாகத் தேவைப்பட்டால் ஓட்டுநர் நடைபாதையோடு நிற்காமல் வாசல் வரை கைகொடுக்க வேண்டும் என்பதையும் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை தெளிவுபடுத்தியிருக்கிறது. வாசல் வரை போகும் ஓட்டுநரின் வேன் எங்கேயாவது நிற்க வேண்டுமே? போக்குவரத்துத் துறை போகச் சொன்ன அதே தெருவில், நகராட்சியின் பலகை நிற்காதே என்கிறது.

2. தடையே துணையாகும் இடம்

இதுவரை கேட்டதை வைத்து, தடைகளை எல்லாம் நீக்கிவிட்டால் தீர்ந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பேருந்து நிறுத்தத்துக்கு வந்தால் கணக்கு தலைகீழாகிறது.

பாரம்பரியத் தடம் போன்ற சில விதிவிலக்குகள் நீங்கலாக, லண்டன் பேருந்துகள் அனைத்தும் 2005 முடிவுக்குள் தாழ்தளமாக மாறிவிட்டன. வண்டியை மாற்றியதோடு வேலை முடியவில்லை என்பது அதற்குப் பிறகு உறைத்தது. லண்டன் போக்குவரத்து நிர்வாகம் ஒரு நிறுத்தத்தை ‘அணுகத்தக்கது’ என்று ஏற்க மூன்று நிபந்தனைகளை வைக்கிறது. நடைபாதை விளிம்பு 100 மில்லிமீட்டருக்கு மேல் உயரமாக இருக்க வேண்டும். கதவு திறக்கும் இடத்தில் குப்பைத் தொட்டியோ கம்பமோ இருக்கக் கூடாது. மூன்றாவதாக, வேறு வண்டிகள் நிற்கத் தடை செய்யப்பட்ட பகுதியாக அது இருக்க வேண்டும்.

மூன்றாவது நிபந்தனை ஏன்? 12 மீட்டர் நீளமுள்ள பேருந்து, முன்னும் பின்னும் கார்கள் நிற்கும் இடத்தில் நுழைந்து விளிம்போடு ஒட்டி நின்று மீண்டும் வெளியேற, அதன் நீளத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு வெற்றிடம் வேண்டும். அந்த இடத்தில் ஒரே ஒரு கார் நின்றாலும் பேருந்தின் முகம் மட்டும் உள்ளே வரும், நடுக்கதவு சாலையிலேயே நின்றுவிடும். லண்டன் பேருந்துகளில் சாய்தளம் இருப்பது பெரும்பாலும் அந்த நடுக்கதவில்தான். பிரிட்டனின் 2000-ஆம் ஆண்டுப் பேருந்து விதிகள் சாய்தளத்தின் சரிவை 125 மில்லிமீட்டர் உயர நடைபாதையில் வைத்துத்தான் கணக்கிடுகின்றன. அந்த நடைபாதையை எட்டாமல் சாலைத் தரையில் சாய்தளம் விழுந்தால், சரிவு கூடிவிடும். கையால் உருட்டும் நாற்காலி ஏறாது. மோட்டார் நாற்காலி பின்னோக்கிச் சாயலாம்.

“ஒரு நிமிஷம்தான், ஏடிஎம்மில் பணம் எடுத்துவிட்டு வந்துவிடுகிறேன்” என்று பேருந்து நிறுத்தத்தில் காரை விட்டுப் போகிறவர் யாரையும் தடுக்க நினைப்பதில்லை. ஆனாலும் அந்த ஒரு நிமிடத்தில் வந்த பேருந்தில் ஏற முடியாதவர் அடுத்த பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். அதில் நாற்காலிக்குரிய இடம் காலியாக இருக்கும் என்பதற்கும் உறுதி கிடையாது. இங்கே தடை கடுமையாக இருக்க வேண்டும். கடுமையாக அமலாகவும் வேண்டும்.

3. வண்டிக்குத் தரும் விலக்கும் ஆளுக்குத் தரும் விலக்கும்

சிவப்புக் கோட்டில் இரண்டு தரப்புக்கு விலக்கு உண்டு. உரிமம் பெற்ற கறுப்பு டாக்ஸிகள் பயணியை ஏற்றி இறக்க நிற்கலாம். ப்ளூ பேட்ஜ் என்ற அட்டையைக் கண்ணாடியில் வைத்திருக்கும் வண்டி, அந்த அட்டைக்கு உரியவரை ஏற்றவோ இறக்கவோ மட்டும் நின்று, உடனே நகர்ந்துவிட வேண்டும்.

இரண்டும் பார்வைக்கு ஒன்று போல இருந்தாலும் அடிப்படை வேறு. டாக்ஸிக்குத் தரும் விலக்கு வண்டிக்கானது. லண்டன் டாக்ஸிகள் அனைத்தும் 2000 முதல் சக்கர நாற்காலி ஏறும்படி இருந்தாக வேண்டும் என்பதால், அந்த விலக்கு மாற்றுத்திறனாளிக்கும் பயன்படுகிறது. ஆனால் எந்தக் குறையும் இல்லாத வங்கி அதிகாரியும் அதே விலக்கில்தான் இறங்குகிறார். மறுபக்கம், மீட்டர் டாக்ஸிக்குக் கட்டுப்படியாகாமல் முன்பதிவு வாடகைக் காரில் வரும் மூட்டுவாத நோயாளியிடம் அட்டை இல்லையென்றால், அவருடைய காருக்கு அங்கே நிற்க உரிமை கிடையாது.

ப்ளூ பேட்ஜ் வந்த வழி வேறு. ஆல்ஃப் மோரிஸ் என்ற தொழிற்கட்சி உறுப்பினர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து, 1970-இல் சட்டமான நாள்பட்ட நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள் சட்டம்தான் அதன் வேர். அடுத்த ஆண்டு ஆரஞ்சு நிறத்தில் அறிமுகமான அட்டை, ஐரோப்பியப் பொது வடிவத்துக்கு இணங்க 2000-இல் நீலமானது. இந்த அட்டை காருக்குச் சொந்தமல்ல, ஆளுக்குச் சொந்தம். மகள் ஓட்டும் காரிலும் வைக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவிடும் காரிலும், வாடகைக் காரிலும் வைக்கலாம். அவரே ஓட்டினாலும் செல்லும். சுமை ஏற்றி இறக்கத் தடை இல்லாத மஞ்சள் கோட்டில், வந்த நேரத்தைக் காட்டும் அட்டைக் கடிகாரத்தையும் வைத்து 3 மணி நேரம் வரை நிறுத்தலாம்.

2019 ஆகஸ்ட் 30 முதல் இங்கிலாந்தில் இந்தத் தகுதி வெளியே தெரியாத குறைபாடுகளுக்கும் விரிந்தது. நடக்கத் தெரிந்தும், கூட்டமான தெருவில் இருநூறு மீட்டர் போக முடியாமல் பதறிப்போகும் ஆட்டிசம் உள்ள இளைஞருக்கும் இப்போது அட்டை கிடைக்கலாம். விலக்கு வண்டியின் வடிவத்தோடு கட்டப்பட்டிருந்தால் இந்த விரிவு நடந்திருக்காது. அந்த இளைஞருக்குச் சாய்தளம் வைத்த வண்டி தேவையில்லை, வாசலுக்கு அருகே இறங்குவதுதான் தேவை.

அட்டைக்கும் ஓட்டைகள் உண்டு. இங்கிலாந்தில் நீடித்த குறைபாடு இருந்தால்தான் அது கிடைக்கும். இடுப்பு எலும்பு முறிந்து மூன்று மாதம் ஊன்றுகோலில் நடப்பவருக்குக் கிடைக்காது. இன்னொரு சிக்கல் எல்லை. லண்டன் நகர மையத்தில் நான்கு நிர்வாகப் பகுதிகள் ப்ளூ பேட்ஜின் தெருவோரச் சலுகைகளை முழுமையாக ஏற்பதில்லை: சிட்டி ஆஃப் லண்டன், வெஸ்ட்மின்ஸ்டர், கென்சிங்டன்-செல்சி, கேம்டனின் தென்பகுதி. அவை தங்கள் பகுதியில் வசிப்பவர்களுக்கும் வேலை செய்பவர்களுக்கும் சொந்தமாக அட்டை வழங்குகின்றன. சிட்டியில் சிவப்பு, வெஸ்ட்மின்ஸ்டரில் வெள்ளை, கென்சிங்டனில் ஊதா, கேம்டனில் பச்சை. ஒருவரின் முடக்குவாதம் தெருவைக் கடந்தால் மாறிவிடுவதில்லை. அவருக்குரிய சலுகை மாறிவிடுகிறது.

4. பிஷப்ஸ்கேட் வழக்கு

விலக்கை வண்டி வகையோடு கட்டினால் என்ன ஆகும் என்பதற்குப் பிஷப்ஸ்கேட் நல்ல பாடம். லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தை ஒட்டிச் செல்லும் பெருந்தெரு அது. கொரோனா காலத்தில், 2020-இல், நடப்பவர்களுக்கும் சைக்கிளில் வருபவர்களுக்கும் இடம் கொடுக்க லண்டன் மேயரும் போக்குவரத்து நிர்வாகமும் ஒரு திட்டம் வகுத்தனர். அதன்படி வார நாள்களில் காலை 7 முதல் மாலை 7 வரை அந்தத் தெருவின் சில பகுதிகள் பேருந்துக்கும் சைக்கிளுக்கும் மட்டும் என்றாயின. டாக்ஸிக்கு அனுமதி இல்லை.

டாக்ஸி ஓட்டுநர் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2021 ஜனவரி 20 அன்று உயர்நீதிமன்ற நீதிபதி லாங் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். பேருந்தையோ சுரங்க ரயிலையோ பயன்படுத்த முடியாதவர்களுக்கு டாக்ஸிதான் பொதுப் போக்குவரத்து என்பதையும், 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் அரசு அமைப்புகள் மேல் வைக்கும் கடமையையும் நிர்வாகம் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்றார். நிர்வாகம் மேல்முறையீடு செய்தது. அதே ஆண்டு ஜூலை 30 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை மாற்றி, நிர்வாகம் அந்தக் கடமையை நிறைவேற்றியதாகவே ஏற்றது.

யார் வென்றார் என்பதைவிட வாதம் எப்படிப் போனது என்பது இங்கே முக்கியம். இரு நீதிமன்றங்களிலும் கேள்வி டாக்ஸியை விடலாமா கூடாதா என்றே சுழன்றது. விட்டால் ஆயிரக்கணக்கான டாக்ஸிகள் வரும், தெரு பழையபடி நெரியும். விடாவிட்டால் நாற்காலியில் வருபவர் சுற்றுப் பாதையில் கூடுதல் கட்டணம் கொடுத்து, அடுத்த தெருமுனையில் இறங்கி உருட்டிக்கொண்டு வர வேண்டும். இடைப்பட்ட வழி ஒன்று உண்டு. எந்த வண்டியில் வந்தாலும், உள்ளே இருப்பவருக்குத் தேவை இருந்தால் அந்த வண்டி வரலாம் என்பது அது. வழக்கு வண்டியைப் பற்றியதாக அமைந்ததால் அந்த வழி மையத்துக்கு வரவே இல்லை.

நியூயார்க்கின் 14-ஆம் தெரு வேறொரு விடையைத் தந்தது. 2019 அக்டோபர் 3 அன்று அது பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் முன்னுரிமை தரும் தடமானது. கார்கள் முழு நீளமும் ஓட முடியாது. ஆனால் ஆளை ஏற்றி இறக்க அந்தத் தெருவுக்குள் வரலாம்; அடுத்த முனையில் வலப்பக்கம் திரும்பிவிட வேண்டும். கடந்து போவதுதான் அங்கே தடையானது. வாசலுக்கு வருவது தடையாகவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான நகர வேன்கள் முழுத் தெருவிலும் ஓடலாம்.

5. விளிம்பு நகர்ந்துவிட்ட தெருக்கள்

புதிய தெரு அமைப்புகளில் சிக்கல் விதியில் மட்டும் இல்லை, சிமென்டிலும் இருக்கிறது. தேம்ஸ் நதியோரம் 2016-இல் திறக்கப்பட்ட சைக்கிள் பெருந்தடம் போன்றவற்றில், நடைபாதைக்கும் கார்கள் ஓடும் பகுதிக்கும் நடுவே தனித் தடம் ஓடுகிறது. சைக்கிள் ஓட்டுபவரின் உயிரைக் காக்கும் அமைப்பு அது; மூன்று சக்கரச் சைக்கிளில் போகும் மாற்றுத்திறனாளிகளும் அதனால் பயனடைகிறார்கள்.

ஆனால் அந்தப் பக்கம் வந்து நிற்கும் டாக்ஸிக்கு நடைபாதை எட்டாது. சட்டம் நிற்க அனுமதித்தாலும், சாய்தளம் சாலைத் தரையில் இறங்கும்; நாற்காலி சைக்கிள் தடத்தைக் கடக்க வேண்டும்; அதற்கப்பால் விளிம்பு தாழ்த்தப்பட்ட இடத்தைத் தேடி ஓட வேண்டும். பார்வையற்றவருக்கு, ஓசையின்றி வரும் சைக்கிள் புது ஆபத்து. விளிம்புக்கும் வண்டிக்கும் இடையே தடம் போடும்போதே, தெருவுக்கு ஓரிரு இடங்களில் வண்டி விளிம்பைத் தொடும்படி இடைவெளி விட்டால் இது தீரும். கட்டி முடித்த பிறகு விலக்கு ஆணை போடுவதால் தீராது.

6. கேமராவுக்குத் தெரியாதது

தெருவில் நின்று சீட்டு எழுதும் பணியாளர் கதவு திறப்பதையும் ஊன்றுகோல் வெளியே வருவதையும் பார்ப்பார். கண்ணாடியில் அட்டை இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். கேமரா வண்டி எண்ணைப் படிக்கிறது.

இங்கிலாந்தில் நிறுத்த விதிமீறலுக்குக் கேமரா பார்த்து அஞ்சலில் அபராதம் அனுப்பும் முறை 2015 ஏப்ரலில் பெரிதும் குறைக்கப்பட்டது. எஞ்சிய விதிவிலக்குகள் எவை என்று பார்த்தால் விஷயம் புரியும்: பேருந்துத் தடம், பேருந்து நிறுத்தம், பள்ளி வாசல், சிவப்புத் தடம். மிகக் கடுமையான தடை உள்ள இடங்களில்தான் ஆள் இல்லாமல் கேமரா காவல் இருக்கிறது. 2022 ஜனவரி முதல் சிவப்புத் தட அபராதம் 130 பவுண்டிலிருந்து 160 பவுண்டானது.

தவறாக வந்த அபராதத்தை எதிர்த்து முறையிட வழி இருக்கிறது. அதற்குப் படிவம், சான்று, அட்டையின் நகல், காத்திருப்பு. அபராதக் கடிதம் அட்டைக்கு உரியவருக்கு வருவதில்லை. வண்டியின் உரிமையாளருக்கு வருகிறது. அவர் உதவி செய்த பக்கத்து வீட்டுக்காரராகவோ, வாடகைக் கார் ஓட்டுநராகவோ இருக்கலாம். அடுத்த முறை அந்த ஓட்டுநர் என்ன செய்வார்? “முனையில் இறக்கிவிடட்டுமா?” என்று கேட்பார். ஆளுக்குக் கொடுத்த உரிமையை வண்டியின் எண் வழியாகக் கண்காணித்தால், செலவு மூன்றாவது ஒருவரின் தலையில் விழுகிறது. அதற்கு அஞ்சி அவர் ஒதுங்கினால் உரிமை தாளில் மட்டும் மிஞ்சுகிறது.

7. மூன்று கேள்விகளும் சென்னையும்

மேலே சொன்னவற்றிலிருந்து, எந்த நிறுத்தத் தடை ஆணையையும் சோதிக்க மூன்று கேள்விகள் கிடைக்கின்றன. விலக்கு யாருக்கு: வண்டிக்கா, ஆளுக்கா? ஏற்றி இறக்கும் நேரத்தை ஆணை எப்படிக் கணக்கிடுகிறது: ஓடி இறங்குபவரை வைத்தா, சாய்தளத்தில் இறங்குபவரை வைத்தா? நிற்க அனுமதித்த இடத்தில் வண்டி உண்மையில் நடைபாதை விளிம்பைத் தொடுமா?

மாநகர் போக்குவரத்துக் கழகம் நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பிறகு 2024-இல் தாழ்தளப் பேருந்துகளைச் சென்னைத் தெருக்களில் இறக்கியது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேருந்து நிறுத்தங்களையும் போக்குவரத்தையும் அணுகத்தக்கதாக்கும் கடமையை அரசின் மேல் வைத்திருக்கிறது. ஆனால் நிறுத்தத்தில் ஆட்டோவும் பைக்கும் நிற்க, பேருந்து நடுச்சாலையில் நிற்க, பயணிகள் இறங்கி ஓடிப்போய் ஏறுவது இந்நகரின் அன்றாடக் காட்சி. அங்கே தாழ்தளத்தின் பயன் பாதியாகிவிடுகிறது. சென்னைக்கு முதலில் தேவைப்படுவது நிறுத்தங்களில் இன்னும் கடுமையான தடை.

அதே மூச்சில் மற்றதும் வர வேண்டும். பேருந்தில் ஏற முடியாதவர் ஆட்டோவிலோ கால் டாக்ஸியிலோதான் மருத்துவமனைக்கு வருகிறார். பிரிட்டன் 1971-இல் தொடங்கிய ஆள் சார்ந்த அட்டையைப் போன்ற ஒன்று இந்தியாவிலும் ஏற்கெனவே பலர் கையில் இருக்கிறது. யு.டி.ஐ.டி. என்ற தனித்துவ அடையாள அட்டை ஆளுக்குத்தான் தரப்படுகிறது, வண்டிக்கு அல்ல. ஓய்வூதியத்துக்கும் பயணச் சலுகைக்கும் அதைக் காட்டுகிறோம். சாலையோரத்தில் நிற்க நாடு முழுக்கச் செல்லும் உரிமை எதுவும் அதனோடு இணைக்கப்படவில்லை. மருத்துவமனை, நீதிமன்றம், ரயில் நிலையம் ஆகியவற்றின் வாசல் சாலைகளுக்கு அடுத்து வரும் நிறுத்தத் தடை ஆணைகளில், அந்த அட்டை உடையவரை எந்த வண்டியும் ஏற்றி இறக்கலாம், அதற்கான நேரம் இவ்வளவு என்று ஒரு பத்தியைச் சேர்க்க மாநகரக் காவல்துறையும் மாநகராட்சியும் முன்வரலாம். சட்டக் கல்லூரி மாணவர்களும் நகரமைப்பு மாணவர்களும் சேர்ந்து அந்தப் பத்தியின் வரைவை எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதே இந்த மேடையிலிருந்து வைக்கும் கோரிக்கை.